நேரம் இருந்தது, தம்பி

ஓக்லண்டில், பக்குரங்கா கடைத்தொகுதிக்கு முன்னால் ஒரு வான் வந்து என் காரின் பின்பக்கத்தைச் சப்பளித்த அன்று நான் முதலில் அழைத்தது என் மனைவியை அல்ல, அக்காவை. கூடப் பிறந்தவர் அல்ல, எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அக்கா. அவருக்கு எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. இரண்டு வாகனங்கள் மோதினால் பிழை யாருடையது என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பின்னால் வந்து இடித்தவன்தான் குற்றவாளி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை அதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவர் வாயால் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

"அக்கா, என்ரை காரை ஒருத்தன் வந்து அடிச்சுப்போட்டான்."

"நீர் பிரேக்கில காலை வைச்சது ஏன்?"

அடி பட்டதா, கழுத்து நோகிறதா என்ற விசாரணை ஒன்றும் இல்லை.

"முன்னுக்கு ஒரு கார் வாறமாதிரி இருந்தது, அக்கா."

"வந்ததோ?"

"வாறமாதிரி..."

"வந்ததோ?"

"இல்லை."

"அப்ப வெறும் ரோட்டில பிரேக் பிடிச்சிருக்கிறீர். சட்டப்படி அவன்ரை பிழை. உண்மைப்படி உம்மடை. சட்டத்தைத்தான் எழுதுவினம், பயப்பிடாதையும்."

பயப்படாமல் இருப்பது என் கையில் இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இதையும் ஒரு விபத்தாக எடுத்துக்கொண்டு, எந்தப் பந்தி எங்கே வழுக்கியது, வாசகர் எந்த இடத்தில் தப்பியிருக்கலாம் என்று பிரிஸ்பேனிலிருந்து குரல்பதிவு அனுப்புவார். குடும்பத்தோடு அங்கே போய்ச் சில வருடங்களாகின்றன. போன பிறகும் ஓக்லண்டில் நான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்சீட்டில் அவர் இருக்கிறாரா என்று கண்ணாடியில் பார்க்கிறேன்.

குள்ளமான உருவம். கிராப்பு வெட்டிய தலைமுடி. கோடையிலும் மழைக்கோட்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. உயர்த்தினால் கோபத்தில் சொல்கிறார் என்று நாங்கள் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? அந்த வசதியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. எந்த விருந்தில் உட்கார்ந்தாலும் மேசை அவருக்கு ஒரு சந்திதான். உப்புப்போத்தல் ஒரு லொறி, மிளகுப்போத்தல் ஒரு சைக்கிள், கோப்பைகள் எல்லாம் கார்கள். பேசிக்கொண்டே அவற்றை நகர்த்தி மோதவிட்டு, "இதிலை இவர் திரும்பியிருக்கலாம்" என்பார். நாங்கள் தேநீர் குடிக்கக் கோப்பையை எடுக்கப் பயந்து இருப்போம்.

"நேரம் இருந்தது." இதுதான் அவருடைய தீர்ப்பு. அனேகமாக எல்லாவற்றுக்கும்.

எங்கள் ஆட்களில் ஒருவர் மாரடைப்பில் போனபோது, மண்டபத்தில் எல்லோரும் அம்புலன்ஸ் பிந்தித்தான் வந்ததாம் என்று கதைத்துக்கொண்டு இருந்தார்கள். துக்கத்துக்கு ஏதாவது ஒரு வில்லன் வேண்டும். அக்கா ஒரு கையில் தட்டும் மறு கையில் ரோல்ஸுமாக நின்று, "காலமை நெஞ்சு நோகுது எண்டு சொன்னவர். பின்னேரம்வரைக்கும் சோபாவில கிடந்தவர். அம்புலன்ஸில பிழை இல்லை. நேரம் இருந்தது" என்றார். ரோல்ஸைக் கடித்தார். இரண்டடி தள்ளி, கணவனை இழந்த பெண் நின்றுகொண்டிருந்தார். நான் யாரும் கேட்காமலே மழை வரும்போல் இருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். கூரையின் கீழே நின்று.

அந்தப் பெண் பிறகு பல தடவை அக்கா வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். போய் அதையே திரும்பக் கேட்பாராம். அக்காவும் அதையே திரும்பச் சொல்வாராம். ஆறுதல் சொன்ன வீடுகளுக்கு அவர் பிறகு போகவேயில்லை. இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

ரக்பி நாட்டில் இருந்துகொண்டு அமெரிக்கக் கால்பந்து ஆடுவது, ஒரு கோயிலுக்குள் நின்று வேறொரு கோயில் சாமியைக் கும்பிடுவது போன்றது. யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கப்பட்ட ஒரு சின்னக் கழகத்தில் நாங்கள் சில தமிழர்களும் இருந்தோம். காரணம் எங்கள் கோச். மலேசியாக்காரர். நியூ லின்னில் பல் வைத்தியர். அமெரிக்காவில் படித்த காலத்தில் பிடித்த பைத்தியம். தமிழ்ச் சங்க விளையாட்டுப் போட்டியில், எல்லைக்கோட்டில் நின்று நான் எறிந்த கிரிக்கெட் பந்து நேரே விக்கெட்டில் போய் விழுந்ததை அவர் கண்டுவிட்டார். அன்றைக்கு அது தற்செயலாக விழுந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். பெருமையில் வாய் அடைத்துவிட்டது.

"அண்ணே, நீங்க ஓடவே வேணாம் லா. நின்ன எடத்துல நின்னு எறிங்க, போதும். முன்னால அஞ்சு பேரு செவுரு மாதிரி நிப்பாங்க. ஒருத்தன் உங்களத் தொட முடியாது."

பந்தை எறிகிறவருக்குப் பெயர் குவாட்டர்பாக். அந்த ஐந்து பேருடைய சுவருக்குப் பின்னால் அவருக்கென்று ஒரு சின்ன இடம். அதைப் பொக்கெட் என்பார்கள். எதிரணிக்காரர் சுவரை உடைத்துக்கொண்டு வருவதற்குள், அந்தப் பொக்கெட்டுக்குள் அமைதியாக நின்று, தூரத்தில் ஓடுகிற நம் ஆட்களில் யாரை எவரும் மறிக்கவில்லையென்று பார்த்து எறிய வேண்டும். எறியமுன் எறிகிறவர் விழுந்தால் ஒரு கேள்வி வரும். சுவர் சரியில்லையா? அல்லது சுவர் சரியாகத்தான் நின்றது, உள்ளே நின்ற மனிதர்தான் சரியில்லையா?

உள்ளே நின்ற மனிதன் நான்.

சுவரின் இடது கோடியில் நின்றவர் அக்காவின் கணவர். மன்னார்க்காரர். நாங்கள் எல்லோரும் அண்ணை என்போம். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம், அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத சின்னக் குரல். மின்சார வேலை. இந்த ஊர் மரவீடுகளுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து வயர் இழுத்து முழங்கால் தேய்ந்துபோனவர். வலது கையால் எறிகிறவனுக்கு இடது பக்கம்தான் முதுகு. ஆகவே என் முதுகு அண்ணையின் பொறுப்பு.

பந்து என் கைக்கு வந்ததும் எனக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் காது அடைக்கும். பிறகு, பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கும், உலகத்திலுள்ள பூட்ஸ் எல்லாம் என்னை நோக்கி வருவதுபோல். பிறகு என் கால்கள் என்னிடம் கேட்காமல் ஒரு முடிவெடுக்கும். நான் சுவரை விட்டு வெளியே ஓடி, எதிரணியில் எங்கேயோ சும்மா நின்ற ஒருவனுடைய மார்பில் போய் விழுவேன். அவனே திகைத்துப்போய் என்னை அணைத்துக்கொள்வான். ஒரு தடவை அப்படி அணைத்தவன் என்னைப் பக்குவமாகப் புல்லில் கிடத்திவிட்டு, "யூ ஓகே, அங்கிள்?" என்றான். நான் ஓகே என்றேன். பந்தை அவனிடமே கொடுத்தேன், மரியாதைக்கு.

ஒவ்வொரு ஆட்டத்தையும் அக்கா முக்காலியில் கமரா பூட்டி எடுப்பார். அந்த வாரத்துக்குள் பக்குரங்காவில் அவர் வீட்டில் எல்லோரும் கூடுவோம். தேநீர், ரோல்ஸ், பெரிய தொலைக்காட்சி. நாங்கள் விழுவதை நாங்களே பார்ப்பதற்கு. பந்து என் கைக்கு வந்த கணத்திலிருந்து நான் விழும்வரை அக்கா கரண்டியால் கோப்பையின் விளிம்பில் தட்டி நேரத்தை எண்ணிக்கொண்டு இருப்பார். நல்ல குவாட்டர்பாக் என்றால் நாலைந்து தட்டுக் கேட்கலாம். எனக்கு அனேகமாக ஒன்று. சில வேளை கரண்டி தூக்கியபடியே நின்றுவிடும்.

அந்தப் பருவத்தில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். திறமையால் என்று நினைக்க வேண்டாம், மற்ற அணிகளுக்கு ஆள் சேரவில்லை. இறுதியாட்டத்தில் ஆட வேண்டும் என்று எனக்கு வெறி. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு வேறு எந்த இறுதியாட்டம் வரப்போகிறது? அண்ணைக்கு அதைவிட வெறி. முழங்கால் வைத்தியர் அடுத்த வருடம் கிடையாது என்று சொல்லிவிட்டார். கோச் ஒரு நாள் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று பார்ப்பதுபோல்.

"இப்படியே போனா நாம காலி. எறியறவரை மாத்தணும், இல்லன்னா லெஃப்ட் சைடு செவுர மாத்தணும். அக்கா, நீங்க சொல்லுங்க. யாரு தப்பு?"

"தெரியேல்லை" என்றார் அக்கா.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அன்றுதான் கேட்டோம்.

"சுவர் உடைஞ்சதால இவர் ஓடுறாரோ, இவர் ஓடுறதால சுவர் உடைஞ்சமாதிரித் தெரியுதோ. ரெண்டும் ஒண்டாத்தான் நடக்குது. பிரிச்சுப் பாக்கேலாமல் கிடக்கு."

அன்று கோப்பைகளைக் கழுவக் கொண்டுபோனபோது குசினி வாசலில் அண்ணையின் சின்னக் குரல் கேட்டது.

"இஞ்சேரும், பிழை என்னிலையோ?"

"இன்னும் தெரியாது."

"இல்லை, உமக்கு என்ன படுது எண்டுதான்..."

"படுறதை வைச்சு நான் ஒண்டும் சொல்லுறேல்லை. தெரிஞ்சாப் பிறகு சொல்லுறன்."

அண்ணை ஈரத்துணியைப் பிழிந்து காயப்போட்டார். இருபத்தைந்து வருடத் திருமணத்தில் அந்த மனிதர் ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லும்படி கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. அக்காவுக்கு விளங்கியதா தெரியாது. விளங்கியிருந்தாலும் பதில் மாறியிராது.

அடுத்த பயிற்சி நாளில் எங்களுக்குள்ளேயே இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடினோம். வழமைபோல் பந்து என் கைக்கு வந்தது. எதிரில் நின்றவர்கள் அன்றைக்கென்று ஊரே அதிரக் கத்தினார்கள். பூட்ஸால் நிலத்தை மிதித்தார்கள். நான் பின்னால் ஓடினேன். பிறகு வலது பக்கம். ஒருவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான் என்று நிச்சயமாக உணர்ந்து, உதறி, சுழன்று, தண்ணீர்ப்போத்தல் பெட்டியில் கால் தடக்கிக் குப்புற விழுந்து, பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "விடுங்கோடா! விடுங்கோடா!" என்று கத்தினேன்.

யாரும் விடவில்லை, ஏனென்றால் யாரும் பிடிக்கவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மைதானத்தில் எல்லோரும் நின்ற இடத்திலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டையைப் பிடித்ததாக நான் உணர்ந்தது என் மற்றக் கையாக இருக்க வேண்டும்.

அக்கா எதிரணியினரிடம் சொல்லி வைத்திருக்கிறார். கத்துங்கள், மிதியுங்கள், ஓரடிகூட முன்னால் வராதீர்கள். சுவரை இடிக்க யாருமே வராவிட்டால் நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்பதற்கு.

அந்த வாரப் படத்துக்கு அவர் என் மனைவியையும் அழைத்திருந்தார். படம் ஓடியது. கரண்டி தட்டியது. பெரிய திரையில், வெறும் புல்லில், எவரும் துரத்தாத ஒரு தொந்தி மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். சுவர் ஐந்து பேரும் அப்படியே நின்றார்கள். அவன் விழுந்த பிறகும் அக்கா தட்டிக்கொண்டே இருந்தார். அறை முழுதும் சிரிப்பு. அதில் மிகவும் நீண்ட சிரிப்பு என் மனைவியுடையது.

"அக்கா, அந்த 'விடுங்கோடா'வை இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

போட்டார். இரண்டு தரம்.

"அண்ணே..." என்றார் கோச், நோயாளிக்குச் சொல்லும் குரலில். "யாருமே வரல லா."

"பாரும்" என்றார் அக்கா. "சுவர் நிக்குது. ஆக்கள் வரேல்லை. நேரம் இருந்தது, தம்பி. ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிச்சிருக்கலாம்."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் விட்டால் அழவேண்டி வரும். ரோல்ஸ் வாயில் இருந்ததால் அதற்கு வசதி போதாது. என் இடம் அந்த இடத்திலேயே போனது. கடைசிக் கதிரையில் இருந்த அண்ணை மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் வெளிச்சம். எனக்குக் கவலையாக இருக்கும் என்று அதை மறைக்கப் பார்த்தார், பாவம், அந்தப் பெரிய முகத்தில் மறைக்க இடம் இல்லை.

"அப்ப பிழை என்னில இல்லை" என்றார்.

"அதை நான் சொல்லேல்லையே" என்றார் அக்கா.

சிரிப்பு நின்றது.

"இவரில பிழை இருக்கெண்டு காட்டினனான். உங்களில இல்லையெண்டு காட்டேல்லை. அது வேறை."

என் இடத்துக்கு ஒரு சமோவாக்காரர் வந்தார். பஸ் ஓட்டுகிறவர். பின்னால் எத்தனை கார் பொறுமையிழந்து நின்றாலும், ஏறிய கிழவி கைப்பிடியைப் பிடித்து உட்காரும்வரை பஸ்ஸை எடுக்காத ஆள். அவர் பொக்கெட்டுக்குள் நின்றார். பந்தோடு சும்மா நின்றார். உலகத்துப் பூட்ஸ் எல்லாம் அவர் காதில் விழவேயில்லை. இறுதியாட்டத்துக்கு முந்திய நட்பு ஆட்டத்தில் நான் எல்லைக்கோட்டில் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்று அதைப் பார்த்தேன். முதல் தரம் அவர் முதுகில் ஒருவன் வந்து மோதினான். இடது பக்கத்தால். இரண்டாம் தரமும் இடது பக்கம். எதிரணிக்காரன் அண்ணையின் வெளிப்பக்கம் போவதுபோல் காட்டி உள்ளே திரும்புவான். அண்ணையின் முழங்கால் திரும்ப மறுக்கும். அவ்வளவுதான். கதவு திறந்துவிடும். பஸ்காரர் விழுவார், எழும்பிப் புல்லைத் தட்டிவிட்டுச் சிரிப்பார், அடுத்த தரமும் அதே இடத்தில் நிற்பார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பருவம் முழுதும் அந்தக் கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது. நான்தான் அது திறக்கமுதலே ஓடிவிட்டேன். ஓடுகிற கோமாளியைப் பார்த்து எல்லோரும் சிரித்ததில் கதவை யாரும் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்ற நிறுத்திய மனிதரை என் பயம்தான் இவ்வளவு காலமும் காப்பாற்றி இருக்கிறது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அக்கா கமராவில் வைத்த கண் எடுக்கவில்லை. அவருக்கும் உறைத்துவிட்டது.

அன்றிரவு படம் போடமுதல் அண்ணை குசினிக்குள் போகவில்லை. எல்லோருக்கும் முன்னாலேயே கேட்டார்.

"இஞ்சேரும், இதை இண்டைக்குப் போடவேணுமே? ஒரு ஆட்டம்தானே கிடக்கு."

"அக்கா" என்றேன் நானும், "ஒரே ஒரு ஆட்டம். அண்ணைக்கு இனி இல்லையெல்லே."

"கோச் ஆரில பிழை எண்டு கேட்டவர். இவரும் கேட்டவர்." ரிமோட்டை எடுத்தார். "அப்ப தெரியேல்லை. இப்ப தெரியுது."

போட்டார். கரண்டி தட்டியது. ஒவ்வொரு தரமும், முழங்கால் மடங்க மறுத்த அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். இதை முன்னால் நின்று செய்தார், சுட்டுவிரலைத் திரையில் வைத்து. விரல் நுனி தொட்டுக்கொண்டு நின்றது தன் கணவருடைய காலை. "இதிலை. திரும்பவும் இதிலை. பஸ்காரர் ஓடாமல் நிண்ட எல்லாத்திலையும் இதிலைதான்." குரல் கார்களைப் பற்றிச் சொல்லும் அதே குரல். கோச் நிலத்தைப் பார்த்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை. என் மனைவிகூட மறுபடி போடச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள், எல்லைக்கோட்டில் இனித் தனியாக நிற்கத் தேவையில்லை என்று ஒரு சின்ன நிம்மதி எழும்பியது. அதை ரோல்ஸோடு சேர்த்து விழுங்கினேன்.

"சரி" என்றார் அண்ணை. எழும்பிப்போய் எல்லோருக்கும் இன்னொரு தரம் தேநீர் ஊற்றினார்.

இறுதியாட்டத்தன்று அவர் தலைக்கவசம் தவிர எல்லாவற்றையும் அணிந்துகொண்டு வந்தார். தோள்பட்டைக் காப்பு, பூட்ஸ், முழங்கால் பட்டி. யாருக்காவது அடி பட்டால் இறங்கலாம் என்று. அவருடைய இடத்தில் டொங்காக்காரர் ஒருவர் நின்றார். எல்லைக்கோட்டில் நாங்கள் மூன்று பேர்: கமராவில் அக்கா, அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணை. ஓக்லண்டு மழை சொல்லிக்கொண்டு வராது. முதல் பாதியிலேயே பிடித்துக்கொண்டது. அண்ணை குடையை விரித்தார். தனக்கல்ல, மனைவிக்குமல்ல, கமராவுக்குப் பிடித்தார்.

சுவர் நன்றாக நின்றது. பஸ்காரர் பந்தோடு, மழையில், யாரும் ஏற வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பவர்போல் நின்றார். எறிந்தார். எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம். அது அடங்கிய பிறகு அண்ணை கேட்டார்.

"இஞ்சேரும். அந்தப் பெடியன், என்ரை இடத்தில நிக்கிறவன், என்னைவிடத் திறமோ?"

அக்காவின் கண் கமராவில். எனக்கு யாரும் வராமலே பூட்ஸ் சத்தம் கேட்டது. வாயைத் திறந்தேன். "எங்கை, அண்ணை, அவன் சும்மா..."

அக்கா திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அடுத்த பந்து எறியப்படும்வரை பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். பார்க்காமல் சொல்ல மாட்டார்.

"ஓம்" என்றார். "உங்களைவிடத் திறம்."

அண்ணை தலையாட்டினார்.

"கனக்க வித்தியாசமோ?"

"கனக்க."

காற்று மறுபக்கம் திரும்பியது. அண்ணை குடையைச் சரித்து, கமராவின் கண்ணில் ஒரு துளியும் விழாதபடி அந்தப் பக்கம் மாற்றிப் பிடித்தார். தோள்பட்டைக் காப்பில் விழுந்த மழை கூரைப் பீலித் தண்ணீர்போல் இரண்டு பக்கத்தாலும் வழிந்தது. நோகிற முழங்காலை மடக்காமல், ஆட்டம் முடியும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.